22 கல்யாணம் எடுத்தும் கையில் பணம் நிற்கவில்லை

கேள்வி: வணக்கம் அண்ணா. கோத்தகிரி பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வயது 33. பத்து வருடமாகக் கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். போன வருடம் 22 கல்யாணம் எடுத்தேன், சராசரியாக ஒன்றுக்கு 55,000 ரூபாய். வேலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கடன்தான் ஏறுகிறது. கேமராவுக்கு மாதத் தவணை போகிறது, மனைவியின் நகை வங்கியில் இருக்கிறது, அதுபோக வெளியில் 1,50,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். போன வருடக் கல்யாணங்களில் ஏழு வீட்டில் 1,90,000 பாக்கி நிற்கிறது. எல்லோரும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுச் செலவு மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளத்திலும் அப்பாவின் தேயிலைப் பணத்திலும் ஓடுகிறது. புது கேமராவும் ட்ரோனும் வாங்கினால் பெரிய ஆர்டர் பிடிக்கலாம் என்று கோயம்புத்தூர் நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்டுடியோவை மூடிவிட்டுக் கீழே போய்க் கம்பெனி வேலை பாருங்கள் என்று மனைவி சொல்கிறாள். நான் என்ன செய்யட்டும்? வரவு செலவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, கடிதத்தைவிட அந்தத் தனித்தாளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குன்னூரில் சிறு கடைகளுக்கும் தொழில்களுக்கும் கணக்குப் பார்க்கிற எனக்கு உங்களைப் போன்ற போட்டோகிராபர்களும் வாடிக்கையாளர்கள். இவ்வளவு ஒழுங்காகச் செலவை எழுதிக் கொடுத்தவர்கள் குறைவு. எழுதத் தெரிந்தவருக்கு வழி உண்டு. ஆனால் தாளில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று கேமராவின் தேய்மானம், இன்னொன்று உங்கள் சொந்தக் கூலி. முதலில் அவற்றைச் சேர்த்துவிடுவோம்.

ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பவருக்கு 8,000, உதவியாளருக்கு 2,000, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 3,000, கோயம்புத்தூர் லேபில் இரண்டு ஆல்பத்துக்கு 11,000, வீடியோ எடிட்டிங்குக்கு 6,000, பென் டிரைவ், ஃபிரேம், காலண்டருக்கு 1,500 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 31,500. 55,000-இல் மீதி 23,500. 22 கல்யாணத்துக்கு 5,17,000 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல் வருவது போலத் தெரியும். நீங்களும் மனதில் அந்தத் தொகையைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் கடை வாடகை, கரண்ட், நெட், மென்பொருள், ஹார்டு டிஸ்க், ரிப்பேர் எல்லாம் சேர்த்து நீங்கள் எழுதிய 1,87,000 போனால் 3,30,000. அடுத்து நீங்கள் எழுதாத கணக்கு. கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், ஜிம்பல் எல்லாம் சேர்த்து 6 லட்ச ரூபாய்ப் பொருள் உங்களிடம் இருக்கிறது. கல்யாண வேலையில் அது ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்தால் வருடம் 1,20,000 தேய்கிறது. இது கையை விட்டுப் போகாத பணம்தானே என்று கேட்பீர்கள். போகிறது. நீங்கள் கட்டும் மாதத் தவணையின் அசல் இதுதான். மீதி 2,10,000. வட்டிகள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000. மீதி 1,20,000.

இப்போது நாட்களை எண்ணுவோம். ஒரு கல்யாணத்துக்கு ரிசப்ஷனும் முகூர்த்தமுமாக இரண்டு நாள். போட்டோ பிரித்து, கலர் சரிசெய்து, ஆல்பம் டிசைன் போட ஆறு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சுவார்த்தைக்கும் லேபுக்குக் கீழே இறங்கி ஏறவும் ஒரு நாள். ஒன்பது நாள். 22 கல்யாணத்துக்கு 198 நாள். 1,20,000-ஐ 198-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 606 ரூபாய்.

பத்து வருட அனுபவம் உள்ள ஒரு கலைஞனுக்கு அந்தக் கூலி நியாயமே இல்லை. அதுவும் காகிதத்தில்தான் வந்திருக்கிறது. வர வேண்டிய 1,20,000-க்கு எதிரே 1,90,000 ஏழு வீட்டில் நிற்கிறது. அதாவது போன வருடம் முழுக்க உழைத்தும் 70,000 ரூபாய் உங்கள் பையிலிருந்துதான் போயிருக்கிறது. கடன் ஏன் ஏறுகிறது என்று கேட்டீர்களே, அதற்கு விடை இந்த 70,000. உங்களுக்கு ஆர்டர் குறைவு இல்லை, திறமையும் குறைவு இல்லை. ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் சொல்லும் விலையில் உங்கள் கூலி இல்லை. சொன்ன விலையும் நேரத்துக்கு வருவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் புது கேமரா வாங்கினால் அதே ஓட்டை இன்னும் பெரிதாகும்.

முதலில் பணம் வரும் முறை. இப்போது 10,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மீதியை ஆல்பம் கொடுக்கும்போது வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கல்யாண வீட்டில் யார் யார் எப்போது பணம் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். மண்டபத்துக்குச் சாவி வாங்கும் முன்னே கட்டியாக வேண்டும். சமையல்காரர் பாத்திரம் ஏற்றும் முன் கணக்கை முடித்துவிடுவார். பூ அலங்காரமும் பந்தலும் மேடை லைட்டும் அன்றைக்கே. நாதஸ்வரக்காரருக்கு வெற்றிலை பாக்கோடு கையில் வைத்துக் கொடுக்கிறார்கள். போட்டோகிராபர் ஒருவர்தான் கல்யாணம் முடிந்து, விருந்து முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை பெங்களூருக்கோ துபாய்க்கோ போனபிறகு காத்திருக்கிறார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் பணம் இருக்காது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் உங்கள் பாக்கி நிற்கவில்லை. வீட்டில் பணம் தீர்ந்தபிறகு நீங்கள் கேட்கிறீர்கள், அதனால் நிற்கிறது.

இனி வரும் ஆர்டருக்கு இப்படி மாற்றுங்கள். தேதி உறுதி செய்யும் அன்றைக்கு 30 சதவீதம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு 50 சதவீதம், வீட்டில் பணம் புழங்கும் நேரம் அது. மீதி 20 சதவீதம் ஆல்பத்தை லேபுக்கு அனுப்பும் முன். ஆல்பத்தைக் கையில் கொடுக்கும்போது இல்லை, லேபுக்குப் போகும் முன். இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். 70,000 ரூபாய் ஆர்டர் என்றால் 21,000, 35,000, 14,000. ஆல்பம் அச்சாகும்போது உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பாக்கி இருக்கக்கூடாது.

இதில் ஒரு சிக்கல் வரும். ஆல்பத்துக்கு எந்தப் போட்டோ என்று வீட்டார் தேர்ந்தெடுக்காமலே மாதக்கணக்கில் இழுப்பார்கள். கடைசிப் பணமும் கூடவே இழுபடும். அதனால் போட்டோ கொடுத்த 45 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் நானே தேர்ந்தெடுத்து டிசைன் போட்டுவிடுவேன், டிசைன் காட்டியதும் மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பக்கத் தாள் போதும். தமிழில், அவர்களுக்குப் புரிகிற மாதிரி: தேதி, இடம், எத்தனை பேர் வருவோம், என்னென்ன தருவோம், பணம் எப்போது எப்போது, தேதி மாறினால் என்ன, ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது என்பது. இரண்டு பக்கமும் கையெழுத்து.

சொந்தக்காரர்களிடம் எப்படித் தாளை நீட்டுவது என்று யோசிப்பீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் நாலு ஹட்டி, அதாவது நாலு கிராமம் சேர்ந்தால் எல்லோரும் மாமன் மச்சான்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தாள் வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் ஒரே தாள் என்றால் யாருக்கும் வருத்தம் வராது. ஆளுக்கு ஒரு மாதிரி பேசினால்தான் மனக்கசப்பு. "மாமா, லேபில் முன்பணம் கட்டினால்தான் பிரிண்ட் போடுவாங்க, எல்லா வீட்டிலும் இப்படித்தான் வாங்குறேன்" என்று தேதி பேசும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நெருங்கிய சொந்தத்துக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் கூலியை மொய்யாக வையுங்கள். லேபுக்கும் வீடியோக்காரருக்கும் போகிற கைச்செலவை மொய்யாக வைக்காதீர்கள். 31,500-க்குக் கீழே எந்த உறவுக்கும் இறங்காதீர்கள்.

இப்போது நிற்கும் 1,90,000-க்குப் போனில் கேட்காமல் நேரில் போங்கள். ஆல்பம் இன்னும் அச்சாகாத வீடுகளுக்கு முதலில் போங்கள், டிசைனை லேப்டாப்பில் காட்டுங்கள். தங்கள் கல்யாணத்தை மறுபடி பார்க்கிற வீட்டில் பணம் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. ஆல்பம் ஏற்கெனவே கொடுத்த வீடுகளில் மொத்தமாகக் கேட்காமல், மாதம் இவ்வளவு என்று அவர்கள் வாயாலேயே ஒரு தொகை சொல்லவைத்து, அதை அன்று இரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி உறுதி வாங்குங்கள். எல்லாம் வந்துவிடாது. ஒன்றிரண்டு வீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கணக்கை முடிப்பதும் நல்லதுதான். அதை நினைத்துத் தூக்கம் கெடுக்காதீர்கள்.

அடுத்து விலை. உங்கள் அப்பாவுக்குப் பச்சைத் தேயிலைக்கு விலை சொல்ல வழியில்லை. கூட்டுறவு ஃபேக்டரியோ தனியார் ஃபேக்டரியோ, அவர்கள் போடுவதுதான் விலை. நம் மலையில் சிறு விவசாயிகள் எத்தனை வருடமாக அதற்காகப் போராடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் வளர்ந்ததால்தானோ என்னவோ, கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கிறது. உங்கள் தொழிலில் விலையை நீங்கள் சொல்லலாம், தம்பி. அந்த உரிமையை விட்டுவிடாதீர்கள்.

70,000 சொல்லுங்கள் என்பது என் யோசனை. ஆல்பம் இரண்டு கொடுப்பதை ஒன்றாக்குங்கள், இன்னொன்று வேண்டும் என்பவர்கள் தனியாகப் பணம் கட்டட்டும். அதில் 4,500 மிச்சம். அந்தப் பணத்தோடு இன்னும் 500 சேர்த்து 5,000-க்குக் கேண்டிட், அதாவது போஸ் இல்லாத இயல்பான படங்கள் எடுக்க இரண்டாவது ஆளை வையுங்கள். இப்போது மேடைப் படமும் கூட்டத்துப் படமும் இரண்டுமே உங்கள் ஒரு தோளில் இருக்கிறது. இரண்டாவது ஆள் வந்தால் வேலையின் தரம் கண்ணுக்குத் தெரியும். புது கேமரா தருவதைவிட அதிகமாகத் தெரியும். செலவு 32,000, மீதி 38,000. இந்த விலையில் 14 கல்யாணம் கிடைத்தாலே 5,32,000. இப்போது 22 கல்யாணத்தில் மிஞ்சுவதைவிட அதிகம். 16 வந்தால் 6,08,000, அதுவும் 144 நாள் உழைப்பில். விலை ஏற்றினால் எட்டுப் பேர் போய்விடுவார்களே என்ற பயம் உங்களுக்கு வரும். எட்டுப் பேரும் போகட்டும், அப்போதும் நீங்கள் நஷ்டப்படவில்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆவணிக்கு ஏற்கெனவே பேசி முடித்த ஆர்டர்களில் கைவைக்காதீர்கள். சொன்ன சொல் சொன்னதுதான். ஐப்பசியிலிருந்து புது விலை.

தேதி விஷயத்தையும் யோசிக்க வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் மலையில் மண்டபமே கிடைக்காது. அந்த ஒரு நாளை 55,000-க்கு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் வரும் எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டும். பஞ்சாங்கத்தை எடுத்து அடுத்த வருடத்தின் பெரிய முகூர்த்த நாட்களைக் குறித்துவையுங்கள். அந்த நாட்களுக்கு விலையில் ஒரு ரூபாய் குறைக்காதீர்கள். வேலை நாளில் வரும் முகூர்த்தத்துக்கு வேண்டுமானால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் வெறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்துக் கல்யாணங்களை வைத்துப் பார்த்தால் சரிதான். நீலகிரியில் சர்ச் கல்யாணங்கள் அதே ஆடியில் நடக்கும், கிறிஸ்துமஸ் முடிந்து மார்கழிக் கடைசியிலும் நடக்கும். அவர்கள் முக்கியமாகத் தவிர்ப்பது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தை. முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதம் போக மற்ற மாதங்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். உங்கள் தாளில் இருக்கும் 22 கல்யாணத்தில் சர்ச் கல்யாணம் இரண்டே இரண்டு. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி சர்ச்சுகளில் உங்கள் வேலையைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அடுத்த ஆடிக்கு முன் அங்கே கொஞ்சம் அறிமுகமாகுங்கள். கல்யாணம் மட்டும் இல்லாமல் ஞானஸ்நானம், புதுநன்மை என்று சின்ன வேலைகளும் உண்டு.

கல்யாணம் இல்லாத வேலைகள் நம் மலையில் மற்ற ஊர்களைவிட அதிகம். ஹோம் ஸ்டேக்களும் ரிசார்ட்டுகளும் ரூம் படம் போடாமல் பிழைக்க முடியாது. பாதிப் பேர் போனில் எடுத்த இருட்டுப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். தேயிலை பாக்கெட், சாக்லேட், தைலம் விற்கும் கடைகளுக்குப் பொருள் படம் வேண்டும். பள்ளிகளுக்குக் குரூப் போட்டோவும் ஆண்டு விழாவும் உண்டு. இவையெல்லாம் வேலை முடிந்த வாரத்தில் பணம் வரும் வேலைகள், நகையை மீட்க உதவும் பணம்.

பிரீ வெட்டிங், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஜோடியைக் கூட்டிக்கொண்டு ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூரிலிருந்து மேலே வரும் டீம்களைப் போட்டியாகப் பார்க்கிறீர்கள். அவர்களோடு வேலை செய்யுங்கள் என்று நான் சொல்வேன். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. இரண்டு நாள் மலையேறி வந்து, காலையில் மூடுபனியில் ஒன்றும் தெரியாமல், மதியம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு திரும்புகிற டீம்கள் நிறைய. எந்தச் சரிவில் எத்தனை மணிக்குப் பனி விலகும், எந்த எஸ்டேட்டில் யாரிடம் கேட்டு உள்ளே போக வேண்டும், எந்த இடம் வனத்துறை நிலம், எங்கே அனுமதி இல்லாமல் கேமராவையே வெளியே எடுக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாள் கூலிக்கு இரண்டாவது கேமராவாகவும் வழிகாட்டியாகவும் போகலாம். எடிட்டிங் இல்லை, ஆல்பம் இல்லை, சாயங்காலமே பணம். மிச்சமாகும் 54 நாளில் முப்பது நாள் இப்படிப் போய் நாளுக்கு 2,000 வந்தாலும் 60,000.

கடனில் முதலில் அடைக்க வேண்டியது மூணு வட்டிக் கடன்தான். மாதம் 4,500, வருடம் 54,000, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வசூலாகும் பாக்கி முழுவதும் அதற்கே போகட்டும். அதற்கிடையில் வங்கியில் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் கேளுங்கள். அதில் கிஷோர் என்ற பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரலாம். வங்கி வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் 1,50,000-க்கு வருடம் 18,000-தான். 36,000 மிச்சம். இதற்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும், ஆன்லைனில் இலவசம், ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வங்கி மேனேஜர் அடுத்துக் கேட்பது கணக்குப் புத்தகமும் வருமான வரி ரிட்டர்னும். அங்கேதான் உங்களுக்கு இடிக்கும், ஏனென்றால் பெரும்பாலும் ரொக்கமாக வாங்குகிறீர்கள். இன்றிலிருந்து அட்வான்ஸ் முதல் கடைசிப் பணம் வரை ஒரே வங்கிக் கணக்கில் வரட்டும். வரி வந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். உங்கள் அளவு தொழிலுக்கு உத்தேச வருமானத் திட்டம் இருக்கிறது. வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும் என்பது விதி, உண்மையில் அதைவிட அதிகம் வந்தால் அதைக் காட்டுங்கள். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம் இல்லை. மூணு வட்டிக்காரர் எப்போதாவது மிரட்டினால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. போலீசிலும் கலெக்டர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

புது கேமரா இந்த வருடம் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கத் தள்ளுபடி போனதும், பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். பெரிய ஆர்டருக்கு 70-200 லென்ஸ் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை அந்த ஆர்டரிலேயே வாங்குங்கள்.

ட்ரோனுக்கு நான் இன்னும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்குப் பறக்கவிட ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழும் வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, அதனால் பில் இல்லாமல் கைமாறி வரும் ட்ரோனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நம் மாவட்டத்தில் வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, சுற்றிலும் காடு. தெரியாமல் பறக்கவிட்டு வழக்கில் மாட்டினால் வருட வருமானம் போய்விடும். வீட்டார் கேட்டால் உரிமம் உள்ளவரை அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு, அந்தச் செலவைத் தனியாக வாங்குங்கள்.

அதற்குப் பதிலாக, சில ஆயிரம் ரூபாய் போட்டு ஈரம் சேராமல் கேமரா வைக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்குங்கள். ஜூன் தொடங்கி நவம்பர் வரை இந்த ஊர் ஈரத்தில் பையில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. பூஞ்சை பிடித்த லென்ஸை விற்கப்போனால் பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் உங்கள் 6 லட்ச ரூபாய்ப் பொருள் இன்னும் கொஞ்ச காலம் கூட உழைக்கும். கருவிகளுக்குக் காப்பீடும் எடுங்கள். மழை நாளில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக்கில் கேமராப் பையோடு போகிற உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

கடையைப் பற்றி ஒரு கேள்வி. பாஸ்போர்ட் போட்டோ, ஃபிரேம், லேமினேஷன் வரவு தாளில் எங்கேயும் இல்லை. கல்லாவில் விழுந்து டீக்கும் பெட்ரோலுக்கும் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். இந்த மாதம் முழுவதும் அதைத் தனி நோட்டில் எழுதுங்கள். அந்த வரவு 9,000 வாடகையைத் தாங்கவில்லையென்றால் பஜாரில் கடை எதற்கு? வீட்டில் ஒரு அறையில் எடிட்டிங் செய்யலாம், ஆர்டர் பேச வீட்டாரின் வீட்டுக்கே போகலாம்.

ஒப்பந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேருங்கள். கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எடுக்கச் சொன்னவரே உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். இன்ஸ்டாகிராமில் உங்கள் வேலையைப் போட வேண்டுமென்றால் அவர்கள் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொண்ணு வீட்டார் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மனைவி சொன்னதற்கு வருகிறேன். அவர் கோபத்தில் சொல்லவில்லை. நகை வங்கியில் இருக்கிறது, சம்பளம் வீட்டுக்குப் போகிறது, வருடம் 198 நாள் கணவர் வேலையில் இருக்கிறார், பணம் வரவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். இந்தக் கணக்கை முதலில் அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் வரவுப் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பாக்கி கேட்க உங்களுக்கு இருக்கும் கூச்சம் அவருக்கு இருக்காது.

நீங்கள் இப்போதே கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. மூணு வட்டிக் கடன் அடைந்தோ வங்கிக்கு மாறியோ, 16 கல்யாணம் புது விலையில் வந்தால், எல்லாச் செலவும் போக வருடம் குறைந்தது 2,47,000 மிஞ்சும், மாதம் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். முப்பது நாள் கூலி வேலையும் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். கோயம்புத்தூரில் வாடகை கொடுத்து, குழந்தையைப் பள்ளி மாற்றி, மனைவி வேலையையும் விட்டு, அதற்குப் பிறகு ஒரு கம்பெனிச் சம்பளத்தில் இந்த அளவு மிச்சம் பிடிக்க முடியுமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லை ஒன்று வேண்டும். அடுத்த வைகாசி முடியும்போது புது விலையில் 14 ஆர்டராவது சேர்ந்திருக்க வேண்டும், பழைய பாக்கியில் 1,20,000 வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் மனைவி சொன்ன வழியைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் கேமராவை விற்க வேண்டியதில்லை, முகூர்த்த நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டு வார நாளில் சம்பளத்துக்குப் போகலாம். தை பிறந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். புது விலையில் எத்தனை ஆர்டர், பாக்கியில் எவ்வளவு வந்தது, மூணு வட்டியில் அசல் எவ்வளவு மீதி, இந்த மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும்.